கொடிமேடைக்குப் பின்னால்

என் உத்தியோகம் என்ன என்று யாராவது கேட்டால் அம்மா ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: "ஆப்பிரிக்காவுல கக்கூஸ் கட்டுறா."

என் விசிட்டிங் கார்டில் அதே சங்கதி மூன்று வரிக்கு ஓடும். உலக சுகாதாரம், ஆப்பிரிக்க வளர்ச்சி, துப்புரவு, மூத்த ஆலோசகர் என்று கனமான சொற்களாகக் கோத்து அச்சடித்திருப்பார்கள். அம்மாவின் ஒரு வரிக்கு முன்னால் அந்த மூன்று வரியும் எடுபடாது. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. கழிப்பறையைப் பற்றிப் பேசியே நான் பாதி ஆப்பிரிக்காவைச் சுற்றியிருக்கிறேன்.

கேட்டவர்கள் அதோடு விட மாட்டார்கள். "ஏன், இங்க ஒண்ணு கட்ட மாட்டாளாமா?" என்பார்கள். "இங்க கட்டுனா சம்பளம் யாரு குடுப்பா?" என்று அம்மா திருப்பிக் கொடுப்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கழிப்பறை கட்டுவதற்கு நான் பட்ட பாட்டை ஆப்பிரிக்காவில் எந்த நாட்டிலும் பட்டதில்லை.

எங்கள் தெரு வயலுக்கு நடுவே வாய்க்காலை ஒட்டிப் போன ஒற்றை வரிசைக் குடிசைகள். அத்தனை பேரும் விவசாயக் கூலிகள். எங்கள் பெண்களுக்குப் பஞ்சாங்கம் நெற்பயிர்தான். சம்பா வளர்ந்து நிற்கும் மாதங்களில் மறைவுக்குக் குறைவில்லை. விடிவதற்கு முன்னால் கூட்டமாகப் போய், வரப்பில் உட்கார்ந்து, ஊர்வம்பும் பேசிவிட்டு வருவார்கள். தை பிறந்து அறுவடை ஆனதும் ஊருக்கே பொங்கல். எங்கள் தெருப் பெண்களுக்கு மட்டும் முகம் சுண்டிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. அடுத்துப் போடும் உளுந்து முழங்காலுக்குக்கூட வராது. மறுபடி ஆற்றில் தண்ணீர் வந்து, நட்டு, பயிர் எழும்பும் வரைக்கும் இருட்டு மட்டுமே மறைவு.

அதனால் கோடையில் எங்கள் தெருப் பெண்கள் பகலில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சித்திரை வெயிலில் உளுந்து பறிக்கும்போதும் வாயை நனைத்துத் துப்புவதோடு சரி. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பானையில் கை வைத்தால் அம்மா செம்பைப் பிடுங்குவாள். "ஒரு மடக்கு போதும்டி. பொழுது சாயட்டும்." அடிவயிற்றில் எரிச்சல், நீர்க்கடுப்பு என்பதெல்லாம் பெண்ணாய்ப் பிறந்தால் வருவது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அப்பா சங்கத்தில் இருந்தார். உழுபவனுக்கே நிலம் என்று கத்திக் கத்தியே தொண்டை போனவர். கூலிக்காக அடி வாங்கினார், ஜெயிலுக்குப் போனார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். ஆனால் சங்கத்தின் கோரிக்கைகளில் கக்கூஸ் என்ற சொல்லை நான் கேட்டதே கிடையாது. ஆண்களுக்கு ஆற்றங்கரை முழுக்கச் சொந்தம். பட்டா தேவையில்லை.

தஞ்சாவூரில் டாக்டருக்குப் படிக்க இடம் கிடைத்தது. அங்கே என்னைத் திகைக்க வைத்தது பிணவறை இல்லை. ஹாஸ்டலில் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை. முதல் வாரம் முழுக்க, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு சும்மா நின்றிருக்கிறேன். பகலில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். சக மாணவிகள் எனக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டினார்கள்.

அப்புறம் பொது சுகாதாரம் படித்தேன். வெளிநாட்டு வேலை வந்தது. விமானம் ஏறும்போது வெறும் டாக்டர். ஆப்பிரிக்காவில் இறங்கும்போது நிபுணர். நடுவானில் எங்கோ அந்த மாற்றம் நடந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை.

நிபுணர்களின் உலகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏழைகளைப் பற்றிப் பேச ஏரிக்கரையில் நல்ல ஓட்டலாகப் பார்த்துக் கூடுவோம். காலையில் 'மக்கள் பங்கேற்பு'. காபிக்குப் பிறகு 'பெண்கள் பங்கேற்பு'. மத்தியானச் சாப்பாட்டில் மட்டும் எங்கள் பங்கேற்பு. வண்ண அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். சாயங்காலம் அவற்றைப் பிய்த்துக் குப்பையில் போடுவதற்கு ஒரு பெண் வருவாள். அவள் வீட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒவ்வொரு அறிக்கையும் ஒரே வாக்கியத்தில் முடியும்: அரசியல் உறுதிப்பாடு இல்லாமல் எதுவும் நடக்காது. அது என்ன, எங்கே கிடைக்கும் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

நான் அந்த உலகத்தில் பெரிய ஆளானது மலாவியில். ஒரு கிராமத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்தோம். என்னோடு வந்தவர்கள் நீளமாகக் கேள்வி கேட்டார்கள். அந்தப் பெண்கள் மரியாதையாக எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார்கள். எனக்குச் சுற்றிலும் நின்ற மக்காச்சோளம் கண்ணில் பட்டது. "இதை அறுத்த பிறகு எங்கே போவீர்கள்?" என்று கேட்டேன். மொழிபெயர்ப்பவர் சொல்லி முடித்ததும் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி என் தோளில் தட்டினாள். அதற்கப்புறம் அவர்கள் பேசியதை நிறுத்தத்தான் முடியவில்லை. அறுவடைக்குப் பிறகு அவர்களும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. "உங்க ஊர்ல என்ன பயிர்?" என்று தோளில் தட்டியவள் கேட்டாள். நெல் என்றேன். "அது எவ்வளவு உயரம் வளரும்?" என்றாள். நான் கையால் காட்டினேன். ரொம்பக் குட்டை என்று எனக்காகப் பரிதாபப்பட்டாள்.

ஜெனீவாவில் இதற்குப் பெயர் வைத்தார்கள். பருவகாலப் பாதிப்பு. என்னை மேடை ஏற்றினார்கள், கை தட்டினார்கள். இவ்வளவு கூர்மையான பார்வை எப்படி வந்தது என்று ஒரு பெரியவர் வியந்தார். எங்கள் தெருவில் உள்ள எந்தக் கிழவியைக் கூப்பிட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். அவளுக்கு விசாதான் கிடைத்திருக்காது.

கை தட்டல் ஓய்ந்து லீவில் ஊருக்கு வந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல். முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். தஞ்சாவூருக்குக் கூட்டிப் போய் ஸ்கேன் எடுத்தேன். என்னோடு படித்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கல், தொற்று, ஒரு கிட்னி சுருங்கிவிட்டது. இன்னொன்றைக் காப்பாற்ற வேண்டுமானால் மருந்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம் என்றார். பிறகு அம்மாவிடம் வந்து, "நிறையத் தண்ணி குடிக்கணும்மா. பகல்ல நல்லாக் குடிங்க" என்றார். அம்மா நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் செம்பை நீட்டினேன். வாங்கி அப்படியே கீழே வைத்தாள்.

"போறதுக்கு எடத்தக் காட்டு, குடிக்கிறேன்."

மூட்டுவலி வேறு. இருட்டில் வாய்க்கால் தாண்டி வயல் வரை நடக்க அவளால் முடியவில்லை. தஞ்சாவூரில் ஒரு வீடு பிடித்து வைக்கிறேன் என்றேன். "கக்கூசுக்காக ஊர விட்டு வரணுமாடி? நா எந்திரிச்சா அன்னைக்கே மனைய எடுத்துக்குவான்" என்றாள். அதுவும் உண்மைதான். அந்த மனையின் கதை அப்படி.

ஒருத்தர் இவ்வளவுக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்த காலத்தில் எங்கள் ஊர் மிராசுதாருக்குத் திடீரென்று தர்ம சிந்தனை வந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்ட கையோடு ஓர் அறக்கட்டளை எழுதிவைத்தார். வழிப்போக்கர்களின் தாகம் தீர்க்கத் தண்ணீர்ப்பந்தல் வைப்பதற்கு. அதற்கு எங்கள் குடிசைகள் இருந்த நிலம் உள்பட ஒரு பெரும் பரப்பை எழுதினார். எங்கள் ஊர் வழியாக எந்த வழிப்போக்கனும் போனதாக நினைவில்லை. போயிருந்தாலும் அத்தனை தண்ணீரையும் குடித்திருந்தால் செத்திருப்பான். குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று வேறொரு சட்டம் வந்தபோது பக்கத்துத் தெருக்களுக்குப் பட்டா கிடைத்தது. எங்கள் வரிசை தர்மச் சொத்து என்று ஒதுங்கிக்கொண்டது. தாகம் தீர்க்கும் தர்மத்தின் மண்ணில்தான் எங்கள் அம்மாக்கள் தண்ணீர் குடிக்காமல் வாழ்ந்தார்கள்.

அந்த மண்ணுக்கு ஒரு சட்டம் உண்டு. ஓலை போடலாம், மண் சுவர் வைக்கலாம், செங்கல் மட்டும் வைக்கக் கூடாது. ஓலை குடியிருப்பு. செங்கல் பாத்தியதை. ஒரு வரிசைச் செங்கல் வைத்துவிட்டால் கோர்ட்டில் பேச ஆரம்பித்துவிடும் என்று மிராசுதாரின் ஆட்களுக்குப் பயம். அரசாங்கம் கழிப்பறைக்குப் பணம் கொடுத்தது, ஆனால் பட்டா கேட்டது. கலர் டிவிக்குப் பட்டா கேட்கவில்லை. அதனால் எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் டிவி வந்தது. டிவியில் கழிப்பறை கட்டச் சொல்லி விளம்பரம் வந்தது. அம்மா அதை ஆர்வமாகப் பார்த்தாள்.

நான் கொத்தனாரை வரவழைத்துக் கொல்லையில் குழி தோண்டச் சொன்னேன். செங்கல் வந்து இறங்கிய மறுநாளே அறக்கட்டளையின் காரியஸ்தர் வந்துவிட்டார். மிராசுதார் போய்ச் சேர்ந்து, மகன் சென்னையில் இருந்தாலும், இவர் அதே மேல்துண்டோடு அப்படியே இருந்தார். என்னைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தவர். எனக்கு மரியாதை கொடுத்துப் பேச அவருக்கு மனசு வராது. டாக்டரை ஒருமையில் பேசவும் பயம். அதனால் என்னிடம் பேசுவதையெல்லாம் தென்னை மரத்தைப் பார்த்துப் பேசுவார்.

"டாக்டருக்குத் தெரியாததா? செங்கல் வைக்கிற வழக்கம் இங்க இல்ல" என்றார் மரத்திடம்.

"எங்கம்மாவுக்கு உடம்பு முடியலங்க. கக்கூஸ்தான் கட்டுறோம், பங்களா இல்ல" என்றேன்.

"கக்கூஸ் கட்டலாம். தாராளமா. ஓலையில கட்டிக்கிறது."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நான் நிபுணர் ஆயிற்றே. செங்கல் இல்லாத கழிப்பறை ஆப்பிரிக்காவில் எத்தனை பார்த்திருக்கிறேன், எத்தனைக்கு வரைபடம் கொடுத்திருக்கிறேன். ஆழமான குழி, மேலே மரக்கட்டை, மண் பூச்சு, சுற்றிலும் தட்டி. நானே நின்று கட்டினேன். படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். பாராட்டி ஒரு மின்னஞ்சலும் வந்தது.

அம்மாவுக்காக லீவை நீட்டிக்கொண்டு ஊரிலேயே இருந்தேன். ஐப்பசி வந்தது. எங்கள் மண்ணில் மழைக்காலத்தில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் வரும். குழந்தைக்குக்கூடத் தெரிந்த அந்தச் சங்கதி, ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலேயே சுற்றிய எனக்கு மறந்துபோயிருந்தது. நாலு நாள் அடைமழையில் குழி நிறைந்து, உள்ளே இருந்ததெல்லாம் மிதந்து, கொல்லையைச் சுற்றி ஊர்வலம் வந்தது. மரக்கட்டை வாய்க்கால் வழியாகப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "ஏண்டி, ஆப்பிரிக்காவுல மழையே பேயாதா?" என்றாள். அன்றைக்கும் அவள் தண்ணீர் குடிக்கவில்லை.

கடைசியில் வழி திறந்துவிட்டது தேர்தல். எங்கள் ஊரில் எதற்கும் வழி திறப்பது அதுதான். வாய்க்கால் கரைக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். அந்த ரோடு எங்கள் கொல்லையை உரசிக்கொண்டு போனது. ஆளும் கட்சியின் கிளைச் செயலாளர் கொடிமேடைக்கு இடம் பார்த்துக்கொண்டு வந்தார். கடைத்தெருவில் மற்றக் கட்சிகள் இடம் பிடித்துவிட்டன, இவருக்குக் கம்பம் நட மண் இல்லை. அம்மா எழுந்து அவரைக் கூப்பிட்டாள்.

"எங்க கொல்லையில நட்டுக்குங்க தம்பி."

"தர்ம மனையாச்சேக்கா? காரியஸ்தர் சண்டைக்கி வருவாரே."

"கொடியில அவரு கை வச்சிருவாரா? மேடைய மட்டும் கொஞ்சம் ஒசரமா, பின்னாடி கொஞ்சம் அகலமா கட்டுங்க. செங்கல் எங்ககிட்டயே கெடக்கு."

கிளைச் செயலாளர் அம்மாவைப் பார்த்தார். மழையில் சாய்ந்து கிடந்த தட்டியைப் பார்த்தார். அவர் வீட்டிலும் தாய் இருக்கிறாள். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

நான் நிபுணராக ஒன்றே ஒன்று சொன்னேன். குழி வேண்டாம், தரைக்கு மேலே செங்கல் தொட்டியாகக் கட்டி, உள்ளே நன்றாகப் பூசுங்கள், படி வைத்து ஏறிப் போகட்டும் என்றேன். கொத்தனார் கட்டினார். ரோட்டைப் பார்த்து உயரமான மேடை, கம்பம், தலைவர் பெயர் போட்ட கல்வெட்டு. கல்வெட்டின் முதுகுக்குப் பின்னால் நாலு சுவர், ஒரு கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காரியஸ்தர் வந்தார். செங்கலைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். நிமிர்ந்து கொடியைப் பார்த்தார். கல்வெட்டில் இருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மேல்துண்டு தானாகத் தோளிலிருந்து கைக்கு இறங்கியது.

"நல்ல காரியம் பண்றீங்க" என்றார் கிளைச் செயலாளரிடம். பிறகு மெதுவாக, "பின்னாடி அது என்னங்க?"

"முட்டுச் சுவருங்க. காத்துக்கு மேடை சாயாம இருக்கணும்ல."

"முட்டுச் சுவத்துக்குக் கதவு எதுக்குங்க?"

"உள்ள கொடியெல்லாம் வைக்க வேணாமா?"

காரியஸ்தர் தென்னை மரத்தைப் பார்த்தார். மரம் ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

அந்தத் தேர்தலில் ஆட்சி மாறியது. முடிவு வந்த மறுநாள் காலையில் ஜெயித்த கட்சிக்காரர்கள் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். நான் வாசலுக்கு ஓடினேன். அம்மாவைக் காணவில்லை. மேடைக்குப் பின்னால் கதவு சாத்தியிருந்தது.

"எவண்டா அவன், கடப்பாரையோட?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒரு கல்லு நவுந்துச்சு, நா இருக்கிற கோலத்துல வெளிய வந்துருவேன்!"

கடப்பாரைகள் தாழ்ந்தன. எவருக்கும் கதவைப் பார்க்கும் துணிச்சல்கூட இல்லை. அம்மா நிதானமாக வெளியே வந்து, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றாள்.

"கறுப்பு செவப்பு ரெண்டு பேருக்கும் உள்ளதுதானே தம்பி? நடுவுல உள்ளதுதானே வேற? கொடிய மாத்துங்க, கல்வெட்ட மாத்துங்க. செங்கலு ஒங்களுக்கு என்ன பண்ணிச்சு?"

அது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. கட்டிய மேடை சும்மா கிடைக்கிறது. மத்தியானத்துக்குள் கொடி மாறியது. தோற்ற கட்சிக்காரர் விடுவாரா? அவர் கொடியைப் பக்கத்து வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோனார். அங்கேயும் உயரமான மேடை, அகலமான பின்புறம். செங்கொடிக்கு மட்டும் கொல்லை இல்லையா என்று அப்பாவின் பழைய தோழர்கள் அதற்கடுத்த வீட்டைப் பிடித்தார்கள். சாதிக் கட்சி வந்தது. நடிகருக்கு மன்றம் வைத்திருந்த ரசிகர்களும் வந்தார்கள். அடுத்த மழைக்குள் எங்கள் வரிசையில் கொடி இல்லாத கொல்லை கிடையாது, கழிப்பறை இல்லாத கொடியும் கிடையாது. காரியஸ்தர் ரோட்டில் சைக்கிளை நிறுத்தி, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "என்னங்கடா இது, அனைத்துக் கட்சிக் கூட்டமா?" என்றார். பட்டா இன்றுவரை வரவில்லை. ஆனால் செங்கல் பேச ஆரம்பித்துவிட்டது.

அந்த வருடம் ஜெனீவாவில் வெற்றிக் கதை ஒன்று கேட்டார்கள். ஊர்ப் பெயர் சொல்லாமல் எங்கள் வரிசையைச் சொன்னேன். வெற்றிக்குக் காரணம் என்ன என்றார்கள். அரசியல் உறுதிப்பாடு என்றேன். எல்லாரும் அர்த்தத்தோடு தலையாட்டினார்கள், குறித்துக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவில் இதைச் செய்ய முடியுமா என்று ஒருவர் கேட்டார். அங்கேயும் கட்சிகள் இருக்கின்றன, காற்றும் அடிக்கிறது, முடியும் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

தை மாதம் லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். முந்தின நாள்தான் அறுவடை மிஷின் வந்து போயிருந்தது. கொல்லைக்கு அந்தப் பக்கம் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வானம் தொடும் வரைக்கும் அறுத்த நெல்லின் வெறும் தாள். ஒரு கொக்கு நின்றாலும் தெரியும். உச்சி வெயில். அம்மா மேடையின் நிழலில் உட்கார்ந்து அந்த வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாகமா இருக்குடி. தண்ணி கொண்டா" என்றாள்.

செம்பு நிறைய மொண்டு கொடுத்தேன். அண்ணாந்து, கழுத்து நரம்பு ஏறி இறங்க, நிறுத்தாமல் குடித்து முடித்தாள். செம்பைத் திருப்பி நீட்டி இன்னொன்று கேட்டாள். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய என் அம்மா, அறுவடை முடிந்த வயலுக்கு முன்னால், பட்டப்பகலில், தாகம் தீரத் தண்ணீர் குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.